நைஜீரிய வீடுகளில் தினமும் கறிதானா?

கேள்வி இது: "கணவருக்கு லாகோஸில் வேலை கிடைத்து அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறோம். அங்கே இறைச்சி இல்லாமல் சாப்பாடே கிடையாது என்கிறார்கள். தினமுமா கறி சமைப்பார்கள்? வீட்டில் இன்னாருக்கு இந்தத் துண்டு என்று கணக்கெல்லாம் உண்டாமே, நிஜமா?"

நான் லாகோஸுக்கு வடக்கே உள்ள இபாதான் நகரில் பதினோரு வருஷம் இருந்தவன். வேலை விஷயமாகத் தெற்கிலும் கிழக்கிலும் நிறைய அலைந்திருக்கிறேன், வடக்கே கானோ வரை இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். ஐந்நூறுக்கு மேல் மொழி பேசுகிற நாடு அது. ஆகவே நான் சொல்வதில் பெரும்பகுதி நான் பார்த்த தென்மேற்கத்தி யோருபா, தென்கிழக்கத்தி இக்போ வீடுகளைப் பற்றியது.

முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கொஞ்சம் வசதியுள்ள வீட்டில் பானையைத் திறந்தால் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். ஆனால் ஒருவர் தட்டில் விழுவது ஒரு துண்டு, மிஞ்சினால் இரண்டு. நைஜீரியர் ஒருவர் ஆண்டுக்குச் சாப்பிடும் இறைச்சி சராசரியாக 10 கிலோவைத் தொடாது. உலகச் சராசரி 40 கிலோவுக்கு மேல். அவ்வளவு கறி தின்கிற நாடு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றால், கறியைப் பற்றி அவ்வளவு பேசுகிற நாடு என்பதால்தான். குறைவாக இருக்கும் பண்டத்தைத்தானே எண்ணி வைப்போம்! உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. நிஜம்தான், கணக்கு உண்டு. அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

சந்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கறி வெட்டுகிறவரை யோருபாவில் 'அலபத்தா' என்பார்கள். நான் போய்க்கொண்டிருந்த போடிஜா சந்தையில் அவர்கள் பலகைப் பக்கம் தராசைப் பார்த்த ஞாபகமே இல்லை. கூறு போட்டு வைத்திருப்பார், அல்லது இத்தனை நைராவுக்கு என்று கேட்டால் கண்ணளவில் வெட்டித் தருவார். பேரம் கட்டாயம். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவரை அவர்களே மதிப்பதில்லை. பேரம் முடிந்து பணம் கைமாறிய பிறகு 'ஜாரா' என்று ஒரு வார்த்தை போட வேண்டும். நம் ஊர்க் கொசுறுதான் அது. ஒரு துண்டு கொழுப்போ, விரற்கடை குடலோ மேலே வந்து விழும். முதல் வருஷம் முழுக்க இந்த வார்த்தை தெரியாமல் எவ்வளவு கொழுப்பை விட்டேன் என்று எங்கள் கீழ்வீட்டு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கூறில் வெறும் சதை மட்டும் இருக்காது. மாட்டின் இரைப்பைச் சவ்வு 'ஷாக்கி'. சுருண்ட குடல் 'ரவுண்டபவுட்'. கால் 'பொக்கோட்டோ'. மயிரைப் பொசுக்கிச் சுரண்டி வேகவைத்த மாட்டுத்தோல் 'பொன்மோ'. எல்லாம் கலந்து வாங்கினால் 'ஒரிஷிரிஷி', அதாவது பலவகை. வெறும் சதையை மட்டும் போட்டுச் சமைத்தால் அவர்களுக்கு என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். ஒன்று மெல்ல வேண்டும், ஒன்று வழுக்க வேண்டும், ஒன்று பல்லோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். பச்சை மிளகாயையும் பச்சைக் குடைமிளகாயையும் அரைத்துப் பனை எண்ணெயில் செய்கிற 'அயமாசே' என்கிற குழம்பு இந்தக் கலவை இல்லாவிட்டால் எடுபடவே எடுபடாது.

நம்மவர்களுக்கு முதலில் திகைப்பாக இருப்பது வேறொன்று. மாட்டுக்கறி, குடல், தோல், காய்ந்த மீன், கூனிப்பொடி எல்லாம் ஒரே பானையில் வேகும். கூடவே 'ஒக்போரோகோ' என்று இக்போக்கள் சொல்லும் நார்வே காட் மீன். உப்புப் போடாமல் குளிர்காற்றிலேயே காய்ந்து கட்டையாகிப்போன கருவாடு அது. முன்பே வந்துகொண்டிருந்த பண்டம்தான். கிழக்கு தனிநாடாகப் பிரிய முயன்று 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் நிவாரணமாகவும் வந்து பட்டினி கிடந்தவர்களுக்கு இன்னும் பழக்கமானது, போர் முடிந்தும் பானையை விட்டுப் போகவில்லை. கறியும் கருவாடும் ஒன்றாகவா என்று எங்கள் வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள். எகுசி என்கிற முலாம்பழ விதைக் குழம்பை ஒருமுறை ருசித்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இனி அடுப்பு. கழுவிய கறியில் உடனே தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். வெங்காயம், உப்பு, மேகி கட்டி, கறிப்பொடி, தைம் என்கிற காய்ந்த இலை எல்லாம் போட்டுச் சின்னத் தீயில் மூடிவிடுவார்கள். கறி விடுகிற நீரிலேயே கறி வேகும். அது வற்றுகிற சமயத்தில்தான் தண்ணீர். கறிப்பொடி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆங்கிலேயர் நம் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டு தங்கள் காலனிகளெல்லாம் பரப்பிய அதே மஞ்சள் நிறப் பொடிதான். தமிழ்க் 'கறி' எங்கெங்கோ சுற்றி இபாதான் அடுப்பில் மாட்டுக்கறி வேகவைக்கப் பயன்படுகிற ஒரு பொடியின் பெயராகி நிற்கிறது. அதில் காரம் கிடையாது. நம் மசாலா மாதிரி எண்ணி அள்ளிப் போட்டால் சோப்பு வாசனை வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

கறி வெந்த பிறகு பானையில் மிஞ்சும் தண்ணீரை யோருபாவில் 'ஓமி எரான்' என்பார்கள். கறித் தண்ணீர் என்பதுதான் நேர்ப்பொருள். இதைக் கீழே கொட்டுகிறவளுக்குச் சமையல் தெரியாது என்பது தீர்ப்பு. தக்காளியும் மிளகாயும் அரைத்துப் போட்ட ஜொலோஃப் சோறு இதில்தான் வேகும், ஸ்டூவும் எகுசியும் இதில்தான் இளகும். ஆறு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டுதான் என்றாலும் ஒவ்வொரு கவளத்திலும் கறியின் ருசி எப்படி இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. இந்தத் தண்ணீர்தான் காரணம். துண்டு ஆளுக்கு ஆள் அளந்து விழும், சாறு எல்லாருக்கும் பொது.

வெந்த கறியை எடுத்துத் தனியாக எண்ணெயில் பொரிப்பார்கள். தக்காளி, ததாஷே என்கிற சிவப்பு மிளகாய், ரோடோ என்கிற உருண்டை மிளகாய், வெங்காயம் நான்கையும் சந்தை மில்லில் அரைத்து வாங்கி வந்து, நீர் சுண்டக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வதக்கினால் ஸ்டூ. ரோடோ சின்னதாக அழகாக இருக்கும், நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்து சோறும் ஸ்டூவும் என்பது தெற்கில் எத்தனையோ வீடுகளின் வார வழக்கம். மீதி ஸ்டூ அடுத்த நாட்களுக்கு. மின்சாரத்தை நம்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் கதை முடிந்தது. அதனால் காலையும் இரவும் பானையை ஏற்றி ஒரு கொதி விட்டு இறக்குவார்கள். மீன்குழம்பைச் சுட வைத்துச் சுட வைத்து மூன்று நாள் ஓட்டிய பாட்டிகளின் பேரன்களுக்கு இதெல்லாம் விளக்கத் தேவையில்லை. ஒரு கொதியை மறந்துவிட்டால் மறுநாள் பானையில் நுரை கட்டியிருக்கும், அன்று வீட்டில் யாருக்காவது அர்ச்சனை உறுதி.

கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. பானையில் 24 துண்டு என்றால் அம்மாவுக்கு 24 என்று தெரியும். எந்தத் துண்டில் எலும்பு, எதில் கொழுப்பு என்பதுகூடத் தெரியும். பானையிலிருந்து கறி திருடுவது நைஜீரியப் பிள்ளைப் பருவத்தின் தலையாய குற்றம். இன்று கோட்டு சூட்டு போட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டாலும் ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். தேர்ந்த திருடன் முழுத்துண்டை எடுக்க மாட்டான், எண்ணிக்கை இடிக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளுவான். மூடியைச் சத்தமில்லாமல் திறக்கத் தெரிய வேண்டும், உதட்டில் ஒட்டிய எண்ணெயைத் துடைக்க மறக்கக் கூடாது. எங்கள் கீழ்வீட்டில் ராத்திரி ஸ்டூப் பானை அம்மாவின் படுக்கையறைக்குப் போய்விடும். நான் முதலில் வேடிக்கை என்று நினைத்தேன். ஐந்து பையன்கள் இருக்கிற வீடு அது, வேடிக்கை இல்லை.

சாப்பிடும் முறையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. எபா, அமலா, இடித்த யாம் கிழங்கு இவற்றையெல்லாம் பொதுவாக 'ஸ்வாலோ' என்பார்கள், விழுங்குவது என்று அர்த்தம். நம் ராகிக் களி போல உருட்டிக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டியது. கறித்துண்டு தட்டு ஓரத்தில் அப்படியே காத்திருக்கும். கடைசிக் கவளம் போன பிறகுதான் அதைத் தொடுவார்கள். முதலில் கறியைத் தின்னும் பிள்ளைக்கு 'ஓஜுகொகொரோ' என்று பட்டம் கிடைக்கும், பேராசைக்காரன் என்று. கறியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து, தம்பி முடிக்கட்டும் என்று நுனிநுனியாகக் கடித்துக்கொண்டிருக்கும் அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன். தன்னிடம் இன்னும் இருக்கிறது என்று காட்டுவதில் அவ்வளவு சுகம்.

அப்பாவுக்குத் தனித் தட்டு. அதில் துண்டு அதிகம், நல்ல துண்டும் அதுதான். பல வீடுகளில் அப்பா முழுவதையும் சாப்பிட மாட்டார். தட்டை எடுக்க வரும் பிள்ளைக்கு ஒரு துண்டை விட்டு வைப்பார். அதனால் அப்பாவின் தட்டைக் கழுவ மட்டும் பிள்ளைகளுக்குள் போட்டி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறையின் மறுபக்கம் எனக்குப் பிடிக்காதது. வளரும் பிள்ளைக்கும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கும்தான் புரதம் அதிகம் தேவை, அவர்களுக்குத்தான் குறைவாகப் போகும். பிள்ளைக்கு முட்டையும் கறியும் நிறையக் கொடுத்தால் அந்த ருசிக்குப் பழகித் திருடப் போகும் என்றொரு நம்பிக்கையும் தெற்கில் பல ஊர்களில் இருந்தது. ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் 1970களிலிருந்தே இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். படித்த வீடுகளில் இப்போது இது போய்விட்டது, தினம் ஒரு முட்டை பிள்ளைக்குத் தருகிறார்கள். ஆனால் 'முட்டை தின்னாமல்தான் நாங்கள் வளரவில்லையா' என்று கேட்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

கோழி அறுத்தால் இரைப்பை அப்பாவுக்கு. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மனைவி இரைப்பையைத் தின்றுவிட்டாள் என்று மூண்ட சண்டைகளை வைத்து அங்கே நகைச்சுவைக்காரர்கள் பிழைக்கிறார்கள். ஒரு கோழிக்கு ஒன்றுதானே இருக்கிறது, அதனால் அது வீட்டுத் தலைவனின் முத்திரை போல ஆகிவிட்டது. ஆனால் காலம் அதையும் கேலி செய்துவிட்டது. இப்போது இரைப்பையைக் கிலோக் கணக்கில் உறைநிலையில் விற்கிறார்கள். பொரித்த வாழைப்பழத்தோடு கலந்து 'கிஸ்டோடோ' என்று விருந்துகளில் கல்லூரிப் பெண்கள் கூடை கூடையாகத் தின்கிறார்கள். அப்பாக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக் கணக்கைவிடப் பெரியது குலக் கணக்கு. இக்போ ஊர்களில் கல்யாணத்துக்கோ இழவுக்கோ ஆடு மாடு அறுத்தால் எந்தப் பாகம் யாருக்கு என்பது முன்கூட்டியே முடிவானது. குலத்தில் பிறந்து வேறு ஊருக்கு வாழப்போன பெண்களின் கூட்டத்துக்கு 'உமுஆடா' என்று பெயர். பிறந்த வீட்டு இழவில் அவர்கள் வைத்ததுதான் சட்டம், அண்ணன் தம்பிகள் வாய் திறக்க முடியாது. பல ஊர்களில் விலங்கின் இடுப்புப் பாகம் அவர்களுக்கு. மூத்தவருக்கு ஒன்று, மாமன்முறைக்கு ஒன்று என்று மற்றவை போகும். ஊருக்கு ஊர் இது மாறும். எனுகு பக்கத்து நண்பர் ஒருவரின் வீட்டு இழவுக்குப் போயிருந்தபோது, பாகம் மாறிப் போய்விட்டது என்று ஒரு கிழவி எழுந்து நின்று அரை மணி நேரம் பேசினார். கூட்டமே தலைகுனிந்து கேட்டது. கடைசியில் சரியான பாகம் வந்தது. அதை அவர் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை, அங்கேயே மற்றப் பெண்களுக்கு வெட்டிக் கொடுத்தார். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று நீதிமன்றம்வரை போகிற நமக்கு இது புரியாமல் போகாது.

கறி பெண்ணுக்கு முதலில் போகும் இடமும் ஒன்று உண்டு, பிரசவ வீடு. பிள்ளை பெற்ற மகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்து தங்குவதை இக்போவில் 'ஓமுக்வோ' என்பார்கள். உசிசா என்கிற மிளகு இனத்து விதை, உடா என்கிற நீளக் காய் போட்டு, காய்ந்த மீனும் ஆட்டுக்கறியும் சேர்த்துக் கொதிக்கிற பெப்பர் சூப்பை மகள் வியர்க்க வியர்க்கக் குடிக்க வேண்டும். வயிற்றைச் சுத்தம் செய்யும், பால் ஊறும் என்பார்கள். அந்த நாட்களில் மருமகன் என்ன கிடைத்தாலும் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பான்.

மாட்டுக்கறி தெற்கில் இவ்வளவு மதிப்பாக இருப்பதற்கு மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒரு காரணம் உண்டு. மழைக்காட்டுத் தெற்கில் செட்சி ஈ இருக்கிறது. அது கடித்துப் பரப்பும் நோய் வடக்கத்தி திமில் மாடுகளைச் சாய்த்துவிடும். அந்த நோயைத் தாங்குகிற குட்டையான 'முத்துரு' மாடு மட்டும்தான் தெற்கில் காலகாலமாகப் பிழைத்தது. அதுவும் பாலுக்கோ தினக் கறிக்கோ இல்லை, சடங்குக்கும் பட்டமேற்புக்கும்தான். 'எஃபி இக்போ' என்று இன்றும் விலை கூடுதல். மற்றபடி தெற்கு தின்னும் மாடெல்லாம் வடக்கிலிருந்து வருவது. முன்பு ஃபுலானி மேய்ப்பர்கள் நடத்தியே ஓட்டி வந்தார்கள். 1912இல் லாகோஸையும் கானோவையும் ரயில் இணைத்தது. பிறகு லாரி. நீண்ட கொம்பும் வெள்ளைத் தோலுமாக லாரியில் நெருக்கி நிற்கிற மாடுகளை நெடுஞ்சாலையில் நீங்கள் தினம் பார்ப்பீர்கள்.

இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று 2021 பிப்ரவரி கடைசியில் தெரிந்தது. தெற்கில் வடக்கத்தி வியாபாரிகள் தாக்கப்பட்டதைக் கண்டித்து உணவு, கால்நடை வியாபாரிகள் சங்கம் தெற்குக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்தியது. சில நாட்கள்தான். அதற்குள் தெற்கத்திச் சந்தைகளில் கறியும் தக்காளியும் வெங்காயமும் எகிறின. ஸ்டூவுக்கு வேண்டிய எல்லாமே அந்த லாரிகளில்தான் வருகிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. மேய்ச்சல் நிலத்துக்காக மேய்ப்பர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடக்கிற மோதலில் உயிர்கள் போகின்றன. மேசையில் அந்தப் பேச்சு வந்தால் நீங்கள் காதை மட்டும் திறந்து வையுங்கள்.

வடக்கு அனுப்பிய நல்ல விஷயம் சுயா. ஹவுசா ஆட்கள் சாயங்காலம் தெருமுனையில் தீ மூட்டி, மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கறியைக் குச்சியில் கோத்துச் சுடுவார்கள். மேலே தடவும் பொடி 'யாஜி': மிளகாய், இஞ்சி, உப்பு, குலிகுலி. குலிகுலி என்றால் எண்ணெய் பிழிந்தெடுத்த நிலக்கடலைச் சக்கையைப் பொரித்தது. நாம் பிண்ணாக்கை மாட்டுக்குப் போடுகிறோம், அவர்கள் மாட்டின் மேல் தடவுகிறார்கள். பச்சை வெங்காயமும் தக்காளியும் வைத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். சுயா வீட்டுச் சமையல் இல்லைதான். ஆனாலும் அப்பா வேலை முடிந்து வரும்போது கையில் அந்த எண்ணெய் ஊறிய பொட்டலம் இருந்தால் அன்று வீட்டின் நிறமே வேறு. நம் அப்பாக்கள் சம்பள நாளில் அல்வா வாங்கி வந்த மாதிரி. தாளாய்ச் சீவி வெயிலில் காயவைத்துச் சுடுகிற 'கிலிஷி' இன்னும் நாள் தாங்கும். வடக்கே போய் வருகிற யாரும் அது இல்லாமல் திரும்பினால் வீட்டில் வரவேற்பு இருக்காது.

பண்டிகைக்கு வருவோம். பக்ரீதை யோருபாக்கள் 'இலேயா' என்பார்கள், வீட்டுக்குப் போகும் நேரம் வந்தது என்று அர்த்தம் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே கிடாக்கள் வந்துவிடும். பையன்கள் சாயங்காலம் கிடாவை நடத்திக்கொண்டு போய் மற்றவன் கிடாவோடு முட்டவிடுவார்கள். லாகோஸில் கிடா முட்டு தனி விளையாட்டாகவே நடக்கிறது. எங்கள் மாடிப்படியில் கட்டியிருந்த கிடா ராத்திரி முழுக்கக் கத்தித் தூங்கவிடாது. பெருநாள் காலையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், மத்தியானம் தட்டு வரும். யோருபா குடும்பங்களில் அண்ணன் முஸ்லிம், தம்பி கிறிஸ்தவர் என்பது சாதாரணம். இலேயாவுக்கு அண்ணன் வீட்டில் கறி, கிறிஸ்துமஸுக்குத் தம்பி வீட்டில் கோழியும் சோறும். யாரும் அழைக்கக் காத்திருப்பதில்லை. மீந்த கிடாக்கறியை உப்பும் மிளகாயும் போட்டு மொறுமொறுவென்று பொரித்து வைத்துப் பல நாள் சாப்பிடுவார்கள். ஹவுசா வீடுகளில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர் வைக்கும்போதும் கிடா உண்டு.

என் வயது நைஜீரியர்களுக்குக் கோழி என்றால் கிறிஸ்துமஸ்தான். வருஷத்தில் அந்த ஒருநாள் தவிர மற்ற நாளில் கோழி பார்த்ததில்லை என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பண்ணைக் கோழி வந்து அது உடைந்துவிட்டது. வெளிநாட்டு உறைந்த கோழிக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தடை இருக்கிறது. இருந்தும் அண்டை நாடான பெனினின் எல்லை வழியாகக் கள்ளத்தனமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்டூவுக்கு முட்டையிட்டு ஓய்ந்த கெட்டிக் கோழியைத்தான் நல்ல சமையல்காரிகள் தேடுவார்கள், பிராய்லர் குழம்பில் கரைந்துவிடும்.

இனிப் பணம். 2023 நடுவில் நைராவின் மதிப்பு சரிந்ததிலிருந்து எல்லாரும் பானையைத்தான் பார்க்கிறார்கள். 2024 ஜூனில் உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தது. துண்டு சிறுத்தது, பிறகு துண்டின் இடத்தில் பொன்மோ வந்தது. பொன்மோவில் ஊட்டமே இல்லை என்று படித்தவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தோலையெல்லாம் தின்றுவிட்டால் தோல் தொழில் எப்படிப் பிழைக்கும் என்று 2022இல் அரசின் தோல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவர் அதைத் தடைசெய்யச் சட்டம் வேண்டும் என்றே பேசினார். நாடே எழுந்து சிரித்தது, பிறகு கோபப்பட்டது. கறி வாங்க முடியாதவன் மென்று தின்ன ஒன்று வேண்டாமா? எனக்கு இந்த விஷயத்தில் தோல் தொழில்மேல் அனுதாபம் வரவில்லை. ஆனால் டயர் கொளுத்திப் பொசுக்கிய தோலும் சந்தையில் உண்டு, வாங்கினால் மோந்து பார்த்து வாங்குங்கள். இன்னொரு வழியையும் குடும்பங்கள் பிடித்திருக்கின்றன. தெருவிலோ அலுவலகத்திலோ பத்துப் பன்னிரண்டு பேர் மாதாமாதம் சீட்டுப் போல் பணம் சேர்த்து டிசம்பரில் ஒரு மாட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்கிறார்கள். தலை யாருக்கு, கால் யாருக்கு என்பதில் வழக்கமான சண்டை உண்டு.

நீங்கள் போகிறவர் என்பதால் சில நடைமுறை விஷயம். விருந்துக்குக் கூப்பிட்டால் உங்கள் தட்டில் வீட்டுக்காரர் தட்டைவிட அதிகத் துண்டு இருக்கும். அது அவர்கள் வாரக் கணக்கிலிருந்து எடுத்தது, வேண்டாம் என்று திருப்பித் தள்ளாதீர்கள். வலது கை, முதலில் களி, கடைசியில் கறி. எலும்பைக் கடித்து உறிஞ்சினால் சமைத்தவருக்குச் சந்தோஷம். பன்றி முஸ்லிம் வீடுகளில் கிடையாது. நத்தை விலை கூடிய பண்டம், பெரியதாக இருக்கும், பிடிக்காவிட்டால் பதமாகச் சொல்லுங்கள். காலபார் பக்கம் போய் யாராவது '404' சாப்பிடலாமா என்று கேட்டால் அது நாய்க்கறி. பழைய பெஜோ கார் போல வேகமாக ஓடுவது என்று வைத்த பெயர்.

வீட்டில் யாராவது சைவம் என்றால் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கறி வேண்டாம் என்றால் மீன் வைப்பார்கள். மீனும் வேண்டாம் என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். துண்டை எடுத்துவிட்டு மீதியைத் தந்தால் சரிதான் என்பது அவர்கள் எண்ணம். கறித் தண்ணீரும் கூனிப்பொடியும் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் இருக்கும், ஜொலோஃப் சோறும் விதிவிலக்கில்லை. தெருவில் பொரிக்கிற 'அகாரா' காராமணி வடை, அவித்த யாம், பொரித்த வாழைப்பழம் இவற்றை நம்பிச் சாப்பிடலாம். 'மொயின்மொயின்' பார்க்க இட்லி மாதிரி இருக்கும், உள்ளே மீன் ஒளிந்திருக்கும்.

கறிப்பொடி எடுத்துப்போக வேண்டாம், மூலைக் கடையிலேயே கிடைக்கும். சாம்பார்பொடியும் புளியும் எடுத்துப் போங்கள். லாகோஸில் இந்தியக் கடைகள் உண்டு, விலைதான் கண்ணைக் கட்டும்.